கர்த்தர் பார்த்த பிரசவம்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கக்கா. எனக்குக் காற்று பட்டால் காது அடைக்கும். கூடையை என் காலடியில் தள்ளுங்க, பரவாயில்லை. திருச்செந்தூர் வரைக்குமா? நான் அதுக்கு முன்னாலேயே இறங்கிடுவேன். ஜெபஞானபுரம்.

அழலைக்கா. வியர்வை. சரி, கொஞ்சம் அழுதேன். கோர்ட்டுக்குப் போயிட்டு வர்றேன். ஐயோ, தள்ளி உட்காராதீங்க, நான் யாரையும் ஒன்றும் செய்யலை. இது நுகர்வோர் கோர்ட்டு. மிக்சி ஓடலை, பிரிட்ஜ் குளிரலை என்று போவார்களே, அது. ஆஸ்பத்திரியில் தப்பு நடந்தாலும் அங்கே போகலாம் என்று எனக்கே இந்த இரண்டு வருஷத்தில்தான் தெரியும்.

கேஸ் என்னுடையது இல்லை. எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிற சுகந்தியுடையது. அவள் பிள்ளை மகிழினிக்கு வலது கை தூக்க வராது. பிறக்கும்போதே வந்த காயம். அந்த நேரத்தில் டாக்டரம்மா அறைக்குள் இருந்தாரா, இல்லையா? இந்த ஒரு கேள்வியில்தான் முழுக் கேஸும் நிற்கிறது என்று எங்கள் வக்கீலம்மா சொன்னாங்க. இருந்தார் என்று ஆஸ்பத்திரியில் எழுதியே வைத்திருக்கிறார்கள். இல்லை என்று சொல்லக் கண்ணால் பார்த்த ஆள் நான் ஒருத்திதான். அதைச் சொல்லத்தான் இன்றைக்குப் போனேன்.

போய்க் கெடுத்துட்டு வந்திருக்கேன்க்கா. எல்லாத்தையும் கெடுத்துட்டு வந்திருக்கேன்.

எந்த ஆஸ்பத்திரியா? பேரைச் சொல்லக் கூடாதுன்னு வக்கீலம்மா சொல்லியிருக்காங்க. பெரிய போர்டு, வாசலில் நீல விளக்கு... வேண்டாம், அதையும் சொல்லலை.

எனக்கு இரண்டு ஆண், ஒரு பெண். மூன்றும் வேலை, கல்யாணம் என்று ஆளுக்கொரு ஊர். வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும்தான். ஏசுவடியான் என்று பேர், மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவர். மாடி சும்மா கிடக்குதே என்று சுகந்திக்கும் அவள் வீட்டுக்காரன் முருகேசனுக்கும் வாடகைக்கு விட்டோம். டைல்ஸ் ஒட்டுகிற பையன், தங்கமான பையன். வீட்டை எதிர்த்துக் கல்யாணம் கட்டிக்கொண்டார்கள், இரண்டு பக்கமும் பேச்சு வார்த்தை இல்லை. சுகந்தி என்னை அத்தை என்று கூப்பிடுவாள். அவள் கும்பிடுகிற சாமி வேறு, நான் கும்பிடுகிற சாமி வேறு. ஆனாலும் நான் காலையில் ஜெபம் பண்ணும்போது படியில் வந்து உட்கார்ந்துகொள்வாள். கடைசியில் எல்லாரையும் விடச் சத்தமாக ஆமென் சொல்வாள். எங்கள் வீட்டுக்காரர் சொல்ல மாட்டார், தூங்கிவிடுவார்.

வலி எடுத்த அன்றைக்கு முருகேசன் மதுரையில் வேலையில் இருந்தான். நான்தான் ஆட்டோ பிடித்துக் கூட்டிக்கொண்டு போனேன். கூட ஒரு ஆள் இருக்கலாம் என்று என்னையும் பிரசவ அறைக்குள் விட்டார்கள். பிள்ளை பெரிய பிள்ளை, நாலு கிலோவுக்கு மேலே. தலை வந்துவிட்டது, தோள் மாட்டிக்கொண்டது. டாக்டரம்மா இல்லை. நர்ஸ் பிள்ளை ஒன்று, இருபத்திரண்டு வயசு இருக்கும், அதுதான் இழுத்தது. நான் மூலையில் நின்று கண்ணை மூடுவதும் திறப்பதுமாக ஜெபித்துக்கொண்டிருந்தேன். மூடினால் சுகந்தி கத்துகிறாள், திறந்தால் அந்த நர்ஸ் பிள்ளை அழுகிறது. கடைசியில் பிள்ளை வந்தது. நீலமாக வந்தது. அப்புறம் அழுதது. அந்த அழுகையைக் கேட்டதும் நான் தரையில் முழங்கால் போட்டுவிட்டேன். தரை ஈரம். சேலை போச்சு. இருக்கட்டும்.

அக்கா, நீங்களே சொல்லுங்க. டாக்டர் இல்லாத அறை. இரண்டு உயிர். இரண்டும் பிழைத்தது. இது அற்புதம் இல்லையா? எனக்கு அப்படித்தான் பட்டது. மூன்றாம் ஞாயிறு ஆலயத்தில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன்.

உங்களுக்கு அது பழக்கம் இருக்காது. எங்கள் சபையில் நல்லது நடந்தால் எல்லாருக்கும் முன்னால் நின்று நடந்ததைச் சொல்லி ஸ்தோத்திரம் பண்ணுவோம். அதற்குச் சாட்சி சொல்கிறது என்று பேர். சிலபேர் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள். என்னால் அது முடியாது. எனக்குக் காலையில் காபி குடித்ததிலிருந்து வந்தால்தான் வரும். பாஸ்டரய்யா மணியைப் பார்க்க ஆரம்பித்தால் அவருக்காகவும் மனதுக்குள் ஒரு சின்ன ஜெபம் பண்ணிக்கொண்டு மேலே சொல்வேன்.

அன்றைக்கு இருபது நிமிஷம் சொன்னேன். பெண்கள் பக்கம் கண் கலங்காத ஆளே இல்லை. முடிவில் டாக்டரம்மாவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் நன்றி சொன்னேன். மரியாதை என்று ஒன்று இருக்குது இல்லையா? சவுந்தரம் டீச்சர் அதைச் சபை மடலில் போட்டாங்க. மடல் என்றால் எங்கள் சபைப் பத்திரிகை, மாசம் ஒன்று. இடம் இல்லை என்று நாலு வரியாகச் சுருக்கிவிட்டாங்க. "சகோதரி ஞானப்பூ அவர்கள் வீட்டில் குடியிருக்கும் சகோதரிக்கு இன்ன ஆஸ்பத்திரியில் டாக்டரின் நல்ல கவனிப்பில் சுகப்பிரசவம். தேவனுக்கு மகிமை." அவ்வளவுதான். அந்த மாசம் பிறந்தநாள் வாழ்த்து மட்டும் இரண்டு பக்கம் போட்டிருந்தாங்க. நான் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த நாலு வரிதான்க்கா என் தலையில் விழுந்தது. சொல்றேன், இருங்க.

பிள்ளைக்குக் கை சுளுக்கியிருக்கு, இரண்டு வாரத்தில் சரியாகும் என்று சொல்லித்தான் ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பினார்கள். இரண்டு வாரம் இரண்டு மாசமாச்சு. இடது கையை ஆட்டுவாள், வலது கை அப்படியே கிடக்கும். கைமுட்டி நீட்டமாக, உள்ளங்கை பின்பக்கம் திரும்பி, முதுகுக்குப் பின்னால் யாரோ எதையோ கொடுக்கப் போகிற மாதிரி. வருகிறவர்கள் எல்லாரும் ஒவ்வொன்று சொன்னார்கள். கிரகணத்தில் சுகந்தி வெங்காயம் நறுக்கினாள் என்றார் எதிர்வீட்டுக்காரர். துணியை இறுக்கிச் சுற்றியிருப்பாள் என்றாள் பால்காரி. முருகேசன் அம்மா பேச்சு வார்த்தை இல்லாவிட்டாலும் இதைச் சொல்வதற்கென்று போன் பண்ணி, "அவ ஒருக்களிச்சுப் படுத்த லட்சணம்தான்" என்று சொல்லிவிட்டு வைத்தார். எல்லாரும் சேர்ந்து சுகந்தி தலையிலேயே போட்டார்கள். அவளும் நம்பினாள். ராத்திரி பகல் அந்தக் கையை மடியில் வைத்துக்கொண்டு, "வெங்காயம் நறுக்கினேனா அத்தை? எனக்கு ஞாபகமே இல்லையே" என்று கேட்பாள். நானும் சேர்ந்து யோசித்தேன்க்கா. சொல்ல வெட்கமாக இருக்கு. நறுக்கினாளோ என்று நானும் யோசித்தேன்.

அப்புறம் பெரிய ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தை டாக்டரிடம் காட்டினோம். அவர் முருகேசனைப் பார்த்து, "என்ன வேலை பாக்கீங்க?" என்று கேட்டார். டைல்ஸ் என்றான். கூட வந்த என் வீட்டுக்காரர் கேட்காமலேயே "லைன்மேன், ரிட்டையர்டு" என்றார். டாக்டர் இவர் பக்கம் திரும்பிவிட்டார். "உங்களுக்கு நல்லாப் புரியும். கழுத்திலிருந்து கைக்கு வயர் மாதிரி நரம்பு போகுது. தோள் மாட்டியிருக்கும்போது தலையைப் பிடிச்சு இழுத்தா அந்த வயர் இழுபட்டுரும். சிலது தளர்ந்துபோகும், சிலது அறுந்தே போகும். இது பிரசவத்தில் வந்த காயம். தாய் என்ன தின்னா, எப்படிப் படுத்தா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

சுகந்தி அங்கேயே அழுதாள். ஆறு மாசமாகச் சுமந்த வெங்காயத்தை இறக்கி வைத்தாள். என் வீட்டுக்காரர் மட்டும், "சப்ளை கட்டா, லோ வோல்டேஜா டாக்டர்?" என்று கேட்டார். லோ வோல்டேஜ்தான், தினமும் பயிற்சி கொடுக்கணும், வளர்ந்த பிறகு ஒரு ஆபரேஷனும் தேவைப்படலாம், அதுக்கு வெளியூர் போகணும் என்றார் டாக்டர். டைல்ஸ் ஒட்டிச் சேர்க்கிற காசில் முடிகிற காரியம் இல்லை அது.

சட்டப்படி ஏதாவது செய்யணும் என்று முருகேசன் சொன்னான். எங்கள் வீட்டில் சட்டம் என்றால் ஒரே ஆள்தான், பத்திரம் எழுதுகிற வேதமுத்து அண்ணாச்சி. எங்கள் வீட்டுப் பத்திரம், என் தம்பி பாகப் பத்திரம், ஆலய நிலம் எல்லாம் அவர் எழுத்துதான். ஒரு அடித்தல் திருத்தல் இருக்காது. நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். எல்லாத்தையும் கேட்டார். கண்ணாடியைத் துடைத்தார். "இது என்ன பெரிய விஷயம், எழுதிருவோம்" என்றார்.

நாலு மாசம் எழுதினார்க்கா.

கொண்டு வந்து வாசித்தார். "நாளது தேதியில், மேற்படி மைனர் குழந்தை மகிழினிக்குப் பிறவிப் பாத்தியமாய்க் கிடைத்துச் சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவிக்க வேண்டிய வலது கை ஒன்று. மேற்படி கையின் பேரில் பிரசவத்துக்கு முன் யாதொரு வில்லங்கமும் கிடையாது." நான் ஸ்தோத்திரம் என்றேன், அவ்வளவு நல்லா இருந்தது. அப்புறம், "மேற்படி கைக்கு நான்கு எல்லையாவது: வடக்கே தோள், தெற்கே விரல், கிழக்கே விலா..." என்று போனார். முருகேசன் பொறுமையாக, "அண்ணாச்சி, பிள்ளைய எந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கப் போட்டு எழுதினீங்க?" என்று கேட்டான். அண்ணாச்சி, "வடக்க தலை" என்றார். வடக்கே தலை வைத்துப் பிள்ளையைப் போடலாமா என்று சுகந்தி சண்டைக்குப் போனாள். அவர் சரி என்று தெற்கே திருப்பி எழுதத் தயாரானார்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனுஷன். தெரியாது என்று சொல்ல மட்டும் தெரியாது. அந்தக் காகிதத்தைப் பதிவுபண்ண எடுத்துப் போனபோது ரிஜிஸ்டர் ஆபீஸில் ஒரு எழுத்தர்தான், "இதுக்கு நீங்க வக்கீலைப் பார்க்கணும்மா, அதுவும் ஆஸ்பத்திரி கேஸ் நடத்தின வக்கீலை. ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், தெரியுமா?" என்று கேட்டார். தெரியாது. பிள்ளைக்கு அப்போது ஒரு வயசு ஆகிவிட்டது. கோர்ட்டு வளாகத்திலேயே இலவசச் சட்ட உதவி மையம் இருக்கு, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் காசில்லாமல் வக்கீல் கொடுப்பார்கள் என்று வழியும் அவர்தான் சொன்னார்.

அங்கே கிடைத்தவங்கதான் பரக்கத் நிஷா. முப்பத்தைந்து வயசு இருக்கும். இதே மாதிரி ஆஸ்பத்திரி கேஸ் ஏழெட்டு நடத்தியிருக்காங்களாம். நான் உள்ளே போனதும், "ஜெயிச்சிரும்லா வக்கீலம்மா?" என்று கேட்டேன். "அப்படியெல்லாம் சொல்ல மாட்டேன் ஆன்ட்டி" என்றாங்க. "தோள் மாட்டுறது யார் பார்த்தாலும் சில நேரம் நடக்கும். நடந்தப்போ தெரிஞ்ச டாக்டர் பக்கத்துல இருந்தாங்களா, செய்ய வேண்டியதைச் செஞ்சாங்களா, அதுதான் கேள்வி. முதல்ல ஆஸ்பத்திரியில எழுதி வச்ச கேஸ் ஷீட்டை வாங்குவோம்." வேதமுத்து அண்ணாச்சி காகிதத்தையும் வாங்கி வாசித்தாங்க. ரொம்ப நேரம் வாசித்தாங்க. "அந்த வில்லங்கம் இல்லைங்கிற வரி நல்லா இருக்கு" என்று சொல்லி அதை மட்டும் பென்சிலில் கோடு போட்டு வைத்துக்கொண்டாங்க.

கேஸ் ஷீட் வந்தது. பத்தே முக்காலுக்கு டாக்டர் வந்தார், பதினொன்று ஐந்துக்குக் குழந்தை என்று எழுதியிருந்தது. சுகந்திக்கு அந்த நேரம் நினைவே சரியில்லை. "அப்ப உள்ள யாரு இருந்தா?" என்று வக்கீலம்மா கேட்டாங்க. நான் கையைத் தூக்கினேன், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி. டாக்டர் இல்லை என்று என்னிடம் ஒரு வரி எழுதி வாங்கி, இன்னொரு பெரிய டாக்டரிடம் கருத்தும் எழுதி வாங்கி, கேஸ் போட்டாங்க.

அதற்கு ஆஸ்பத்திரியின் பதில் வந்ததே, அதில் பின் அடித்து வந்ததுக்கா அந்தச் சபை மடல். "டாக்டரின் நல்ல கவனிப்பில்." மஞ்சள் மையில் வட்டம் போட்டு. மடலில் ஆஸ்பத்திரி பேரைப் பார்த்துச் சந்தோஷத்தில் யாரோ ஒரு பிரதி கொண்டுபோய் அங்கே கொடுத்திருக்கிறார்கள். சரி, நான்தான் கொடுத்தேன். நன்றி சொல்லிவிட்டு வரலாம் என்று போனேன்.

சுகந்தி அதை வாசித்தாள். என்னைப் பார்த்தாள். "டாக்டர் இல்லைன்னு இப்போ சொல்றீங்க. அன்னிக்கு டாக்டரைப் புகழ்ந்து புஸ்தகத்துல போட்டீங்க. உங்களை யாரு அத்தை நம்புவா? என் பிள்ளை கை உங்க வாயாலதான் போச்சு" என்றாள். அன்றைக்கு மேலே போனவள்தான். ஐந்து மாசம். காலை ஜெபத்துக்கு வருவதில்லை. பிள்ளையைக் கீழே விடுவதில்லை. மகிழு படி வரைக்கும் தத்தி நடந்து வந்து, இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு என்னைக் கூப்பிடும். அவள் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவாள். நான் சமையல்கட்டில் நின்று எங்கள் வீட்டுக்காரர் ஆமென் சொல்வதற்காகக் காத்திருப்பேன்.

போன வாரம் வக்கீலம்மா போன் பண்ணினாங்க. "ஆன்ட்டி, எதிர்த்தரப்பு உங்களை நேர்ல விசாரிக்கணும்னு கேட்டு வாங்கிருக்காங்க. பதினெட்டாம் தேதி சாட்சி சொல்ல வரணும்." நான், "எத்தனை நிமிஷம் கொடுப்பாங்க?" என்று கேட்டேன். அவங்க மெதுவாக, "ஆன்ட்டி, நாளைக்கு ஒரு எட்டு ஆபீசுக்கு வாங்க" என்றாங்க.

வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு, ஆரம்பத்தில் பாட ஒரு பாட்டும் எடுத்துக்கொண்டு போனேன். வக்கீலம்மா பாட்டுப் புஸ்தகத்தை வாங்கி மேஜைக்குள் வைத்துப் பூட்டினாங்க. "ஆன்ட்டி, இது அந்தச் சாட்சி இல்ல. கேட்டதுக்கு மட்டும் பதில். டாக்டர் இருந்தாங்களா? இல்ல. எப்ப வந்தாங்க? குழந்தை பிறந்த பிறகு. முடிஞ்சுது. கர்த்தரைப் பத்தி ஒரு வார்த்தை வேண்டாம். நானும் தொழுதுட்டுத்தான் கோர்ட்டுக்கு வாறேன், உள்ள போய் அதைப் பேசுறதில்ல." மூன்று நாள் பழக்கினாங்க. நானும் கண்ணாடி முன்னால் நின்று, "இல்லைங்க ஐயா, இல்லைங்க ஐயா" என்று சொல்லிப் பார்த்தேன். நம்ப மாட்டீங்க, அப்படி ஒரு சுருக்கம் எனக்கு வாழ்நாளில் வந்ததில்லை.

இன்றைக்குப் போனேன். மேலே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் தலைவர். சத்தியம் பண்ணச் சொன்னார்கள். எங்களுக்குச் சத்தியம் பண்ணுகிற பழக்கம் இல்லைங்க ஐயா என்றேன். சரி, உறுதி சொல்லுங்க என்றார்கள். சுகந்தி பின்னால் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்க்கவே இல்லை.

ஆஸ்பத்திரி வக்கீலுக்கு நரைத்த மீசை. முகத்தில் நல்ல களை. மடலை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

"இது நீங்க சொன்ன சாட்சிதானே?"

"ஆமாங்க ஐயா" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கணும்க்கா. நிறுத்தியிருந்தால் சரியாகப் போயிருக்கும். ஆனால் அது பொய்யாகத் தெரிந்தது. "ஆனா அது கடைசி நாலு வரிதாங்க. நான் இருபது நிமிஷம் சொன்னேன். சவுந்தரம் டீச்சர் வெட்டிட்டாங்க" என்றேன்.

"அது தேவையில்லை" என்றார் மீசை வக்கீல்.

"இருங்க" என்றார் தலைவர். "வெட்டினது என்னம்மா?"

நான் எங்கள் வக்கீலம்மாவைப் பார்த்தேன். அவங்க கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாங்க. கேட்கிறவர் பெரியவர். நான் கையைக் கட்டிக்கொண்டேன், கண்ணை மூடினேன், அவ்வளவுதான் தெரியும். காலையில் காபி குடித்ததிலிருந்து வந்துவிட்டது.

பதினோரு மணிக்கு நர்ஸ் பிள்ளை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டதைச் சொன்னேன். போனை ஸ்பீக்கரில் வைத்துக் கட்டில் மேல் வைத்ததைச் சொன்னேன். டாக்டரம்மா ஏதோ கல்யாண வீட்டில் இருந்தாங்க, நாதஸ்வரம் கேட்டது, கெட்டிமேளம் வந்தபோது அவங்க சொன்னது காதில் விழாமல் நர்ஸ் பிள்ளை, "என்ன மேடம், என்ன மேடம்" என்று கத்தினது, மேளம் நின்றதும் "இழு, இன்னும் இழு" என்று போன் சொன்னது, அது அழுதுகொண்டே இழுத்தது, எல்லாம் சொன்னேன். பிள்ளை அழுது ஓய்ந்து நான் இரண்டு சங்கீதம் சொல்லி முடித்த பிறகு டாக்டரம்மா வந்ததைச் சொன்னேன். அரக்குப் பட்டு, கையில் தாம்பூலப் பை. பட்டுக்கு மேலே பச்சைக் கவுன் மாட்டினாங்க, முந்தானை பின்னால் தொங்கியது, நான்தான் எடுத்துச் சொருகிவிட்டேன். "இப்படி டாக்டரே இல்லாத அறையில் கர்த்தரே டாக்டராக நின்று பிரசவம் பார்த்த அற்புதத்துக்காக ஸ்தோத்திரம்" என்று முடித்துவிட்டுத்தான் கண்ணைத் திறந்தேன்.

டைப் அடிக்கிறவர்தான் முதலில், "முந்தானையை... சொருகினேன்... சரிதானேம்மா?" என்று கேட்டார்.

மீசை வக்கீலுக்கு வேர்த்தது. "அப்போ பிரசவம் பார்த்தது கர்த்தர். கையை இழுத்ததும் அவர்தானா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. "கர்த்தர் இழுக்க மாட்டார் ஐயா" என்றேன். "அவருக்கு என்ன அவசரம்? இழுத்தது நர்ஸ் பிள்ளை. அதுவும் பாவம், போன் சொல்லிச்சு, இழுத்துச்சு."

"டாக்டர் மேல உங்களுக்குக் கோபம். அதான் இப்படிச் சொல்றீங்க."

"ஐயோ, இல்லைங்க ஐயா. தினமும் அவங்களுக்காக ஜெபிக்கேன்."

"என்னன்னு ஜெபிக்கீங்க?"

"இனிமேலாவது நேரத்துக்கு வரணும்னுதான்."

அவர் உட்கார்ந்துவிட்டார். "வேற கேள்வி இல்லை" என்றார். நான் பேசினது அவருக்கே பிடிக்கவில்லை, பாருங்க. தலைவர் மடலில் தேதியைத் திருப்பிப் பார்த்தார். "இதைச் சபையில சொன்னது குழந்தை பிறந்த மூணாவது வாரம். கேஸ் போடுறதுக்கு ஒரு வருஷத்துக்கு மேல முந்தி. இல்லையாம்மா? எத்தனை பேர் கேட்டாங்க?" நான், "நூத்தி இருபது பேர் இருக்கும்யா. அன்னிக்கு மழை, இல்லன்னா கூட வரும்" என்றேன். அதையும் எழுதினார். என்னத்துக்கு எழுதினாரோ. எங்கள் சபையில் இத்தனை வருஷம் சாட்சி சொல்லியிருக்கேன், ஒருத்தர் எழுதி எடுத்ததில்லை. அந்த ஒரு சந்தோஷம்தான்.

திரும்பிப் பார்த்தால் வக்கீலம்மா முக்காட்டால் முகத்தை மூடிக்கொண்டு மேஜையில் குனிந்திருக்காங்க. தோள் குலுங்குது. அழுதாங்களாக்கும். மூன்று நாள் பழக்கின பாடு எல்லாம் போச்சே! வெளியே வந்து என் தலையில் கையை வைத்து, "ஆன்ட்டி, நீங்க வீட்டுக்குப் போங்க, நான் அப்புறம் பேசறேன்" என்றாங்க. சுகந்தியைத் தேடினேன். மீசை வக்கீல் போன் பேசிக்கொண்டு வேகமாகப் போனார், எங்கள் வக்கீலம்மா பின்னாலேயே போனாங்க, சுகந்தியும் போனாள். என்னை ஒருத்தரும் கூப்பிடலை. பஸ் ஏறிட்டேன்.

நீங்க என்னக்கா வாயைப் பொத்திக்கிட்டு இருக்கீங்க? வாந்தி வருதா? எலுமிச்சம்பழம் தரட்டுமா?

இருங்க, போன் அடிக்குது. கண்ணாடியை எங்கே வச்சேன்... யாருன்னு நீங்களே பாருங்க. சுகந்தியா? நல்லாப் பாருங்க, அவ போட மாட்டாளே. குடுங்க, குடுங்க.

அல்லோ. சொல்லும்மா. பஸ்ல இருக்கேன். ஆமா, தனியாத்தான். இல்ல, பக்கத்துல ஒரு அக்கா இருக்காங்க... நான் ஒண்ணும் சொல்லலை, சும்மா பேசிக்கிட்டு வாறோம்... எம்மா அழாத. எனக்குத் தெரியும், என்னாலதான்... என்னது? யாரு? ஆஸ்பத்திரிலயா?

அக்கா, சமாதானம் பேசணும்னு அவங்களே கேக்காங்களாம்! ஆபரேஷன் செலவு, பயிற்சிச் செலவு எல்லாம் ஒத்துக்கறோம், தீர்ப்பு வரைக்கும் போக வேண்டாம்ங்காங்களாம். வக்கீலம்மா எழுத்துல கொண்டு வாங்கன்னு சொல்லிட்டாங்களாம்.

சுகந்தி, சமாதானம்னா எவ்வளவு நல்ல வார்த்தை! நான் வேணா அடுத்த ஸ்டாப்ல இறங்கி, திரும்பப் போய், டாக்டரம்மாவ ஒரு எட்டு நேர்ல பார்த்து... ஏம்மா கத்துற? காது வலிக்குது. சரி. சரி. போகலை. யார்கிட்டயும் பேசலை. சரிம்மா. மடலுக்கும் எழுதிக் குடுக்கலை. நேரா வீட்டுக்கு வாறேன். யாரு? மகிழா? எங்க இருக்கா, கீழயா? என் வாசல்லயா? நீயே முருகேசன்கிட்ட சொல்லி இறக்கி விட்டியா?

...

வச்சிட்டாக்கா.

ஐந்து மாசம் கழிச்சுப் பேசுறா, வாயை மூடிக்கிட்டு வாங்க அத்தைன்னு சொல்றா. அழுதுக்கிட்டே சொல்றா, சிரிச்சுக்கிட்டே சொல்றா, ஒண்ணும் விளங்கலை. அவ்வளவு கெடுத்து வச்சிருக்கேன், அதுக்குள்ள எப்படிச் சரியாச்சுன்னு தெரியலை. வக்கீலம்மா ஏதோ நல்லாப் பேசியிருக்கணும். படிச்ச பிள்ளை.

அவ சொன்னாக் கேட்கணும். இனி ஊர் வர்ற வரைக்கும் நான் வாயைத் திறக்க மாட்டேன். உங்க பேரை மட்டும் சொல்லிடுங்கக்கா, கேட்கவே இல்லையே. நாளைக்குக் காலையில ஜெபத்துல வைக்கணும்.